விழுப்புரத்தில் மூன்று நாள் கேஸ் பிடித்தேன்

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும்போது முதலாளி எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"அம்மிணி, போற எடத்துல வாய் தவறிக்கூட மீத்தேன்னு சொல்லிப்போடாதீங்க. நெலத்தைப் புடுங்க வந்திருக்கறாங்கன்னு நெனச்சுத் தொரத்திப்போடுவாங்க. கேஸ்னு சொல்லுங்க, போதும்."

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பட்டறையில் பரம்பரையாகத் தண்ணீர் பம்பு செய்கிறார்கள். அதன் ஒரு மூலையில் நானும் இன்னும் மூன்று பேரும் நான்கு வருஷமாக ஒரு லேசர் கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். பார்க்க, தலைமுடி காய வைக்கும் மெஷின் போல இருக்கும். விசையை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி போகும். கூடவே, எங்கே குறி வைக்கிறோம் என்று நமக்குத் தெரிவதற்காக ஒரு பச்சைப் புள்ளியும் போகும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளி எதிரே உள்ள சுவரில் பட்டுத் திரும்பி வர வேண்டும். நடுவில் மீத்தேன் இருந்தால் அது அந்த ஒளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஒரு தட்டு முறுக்கைப் பந்தியில் அனுப்புகிறோம், தட்டு திரும்பி வரும்போது முறுக்கு குறைந்திருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி. நாங்கள் அனுப்புவது மீத்தேனைத் தவிர வேறு யாருக்கும் பிடிக்காத முறுக்கு. சமையல் சிலிண்டரில் உள்ள கேஸ் வேறு ஜாதி, அது இதைத் தொடக்கூடத் தொடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் ஒருத்தரும் நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.

நான்கு வருஷமாகியும் ஒரு மெஷின்கூட விற்கவில்லை. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "மூணு நாளு தர்றனுங். நெசமாவே கேஸ் கசியற எடத்தை இந்த மெஷின் கண்டுபுடிக்கோணும். அந்த எடத்துக்காரங்க கைப்பட ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட காயிதம் கொண்டாங்க. இல்லீன்னா அந்த மூலைல பம்பை அடுக்கிக்கலாமுங்" என்றார். திண்டிவனத்தில் எங்கள் பம்பு விற்கும் கடைக்காரர் முருகையன், வண்டிகளுக்குச் சி.என்.ஜி. என்னும் மீத்தேன் கேஸ் நிரப்பும் ஒரு நிலையத்தில் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்தப் பக்கம் போனேன். நான்கு பேரின் நான்கு வருஷம் ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 

முதல் நாள் விழுப்புரம். சித்திரை வெயில் எட்டு மணிக்கே தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோயம்புத்தூர்க்காரிக்கு வெயிலைப் பற்றிப் பேச அருகதையில்லை என்று சிரித்தார் லாட்ஜ் மேனேஜர். "இதுக்கேவா? இன்னும் அக்னியே வரலியேம்மா!" தண்ணீர் குடித்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் முதலில் தண்ணீரைக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளிப்போம், அது எங்கள் பிறவி வியாதி. நானும் ஒழுங்காகச் சுளித்தேன்.

முருகையனைப் பார்ப்பது மறுநாள்தான். சும்மா இருப்பானேன் என்று மெஷினை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். வரிசையாக டிபன் கடைகள். முதல் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். அந்த வடகறிக்காகவே ஒரு தடவை திரும்பி வரலாம். எங்கள் ஊரில் வடகறி என்று எதையோ ஊற்றுகிறார்கள், அதைப் பற்றிப் பேசினால் சண்டை வரும். கடைக்கு முன்னால் மூடி உடைந்த சாக்கடை. சாக்கடையில் மீத்தேன் இருக்கும். சரி, மெஷின் வெயிலில் ஒழுங்காக வேலை செய்கிறதா பார்ப்போம் என்று குறி வைத்தேன். கீய்ங் கீய்ங் என்று கத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அது?"

"ஒண்ணுமில்லீங்ண்ணா. கேஸ் புடிக்க வந்திருக்கறனுங்."

அவர் முகம் மாறியது. "இன்னா கேஸு?"

"பயப்படாதீங்க, உங்க சிலிண்டர் கேஸ் எல்லாம் புடிக்க மாட்டேன்."

நான் ஆறுதலுக்குச் சொன்னேன். அவர் உள்பக்கம் திரும்பி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஜல்தி!"

அதற்கப்புறம் நடந்ததை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கடையின் பின்வாசல் வழியாக ஒரு சிவப்பு சிலிண்டர் வெளியே உருண்டது. கடையில் நீலச் சிலிண்டர்தான் வைக்க வேண்டும், சிவப்பு வீட்டுக்கு உரியது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். பக்கத்துக் கடையிலிருந்து இன்னொன்று. அதற்கடுத்த கடைக்காரம்மா தன் சிலிண்டருக்குப் பழைய புடவையைச் சுற்றி, மேலே துண்டைப் போர்த்தி, இடுப்பைப் பிடித்து அணைத்துக்கொண்டு சந்துக்குள் நடந்து போனார். தூரத்திலிருந்து பார்த்தால் சுகமில்லாத யாரையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மாதிரி இருந்தது. நான்காவது கடையில் பாதி வெந்த தோசையோடு அடுப்பு அணைந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தவர், "ஏன்பா, என் ஊத்தப்பம்?" என்றார். 

நான் விடவில்லை. முதல் கடைக்காரரிடம் போய், "அண்ணா, உங்க கடை முன்னாடி மெஷின் சரியாப் புடிச்சதுங்க. இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தேன். அவர் ஷட்டரை இழுத்தார். உள்ளே மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு சேர்த்து.

லாட்ஜுக்குத் திரும்பியதும் மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. "யம்மா, கையில துப்பாக்கி மாதிரி ஒண்ண வச்சிக்கினு கேஸ் புடிக்க வந்துக்கிறேன்னா இன்னா நினைப்பாங்க? ஹைவேஸ்ல ஸ்பீடா போறவனை இப்டித்தான் ஒரு மெஷினை நீட்டி கேஸ் புடிக்கிறாங்க. அதுல பேப்பர்ல கையெழுத்து வேற கேட்டீங்களாமே!"

அடக் கடவுளே என்று உட்கார்ந்தேன். அடுப்பில் எரிவதும் கேஸ். போலீஸ் போடுவதும் கேஸ். நாக்கில் இரண்டும் ஒன்றுதான். நான் ஒரு தெரு முழுக்க வழக்குப் போட வந்தவளாக நடந்து போயிருக்கிறேன்.

"அப்ப வாயுன்னு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க. வயித்துக்கு மருந்து கேட்டுக்கினு கூட்டம் வந்துடும்" என்றார்.

இரண்டாம் நாள் திண்டிவனம் பஸ். மெஷின் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். "பெட்டில இன்னாம்மா?"

நான் புத்திசாலித்தனமாக, "லேசருங்க" என்றேன்.

"லேசர்னா?"

"மெஷினுங்க."

"இன்னா மெஷின்?"

பின் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து எனக்காகப் பதில் சொன்னார்: "யோவ், நேத்து பஸ் ஸ்டாண்டாண்ட கேஸ் புடிச்சாங்களே, அந்த மேடம்யா!"

கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் மெஷினைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டார். "ஐயோ, சொல்லக்கூடாதா மேடம். நீங்க டிக்கெட் எடுக்க வேணாம். கம்முனு உக்காருங்க." நான் டிக்கெட் வேண்டும் என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. டிக்கெட் கொடுக்காமல் விடுகிறாரா என்று நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டாகக் கிழித்து நீட்டி, மீதிச் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த பஸ்ஸில் ஒருத்தர்கூடப் படிக்கட்டில் தொங்கவில்லை. வரிசையாக உள்ளே வந்து நின்றுகொண்டார்கள். அத்தனை நிதானமாக ஓர் ஓட்டுநர் ஓட்டி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் முருகையன் ஒரு தர்பூசணிக் கீற்றைக் கையில் கொடுத்து வரவேற்றார். அந்தப் பக்கத்துத் தர்பூசணி நிஜமாகவே ருசி. அவர் இன்னொன்று கொடுத்தார். மூன்றாவது கொடுக்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"முருகையண்ணா, ஏற்பாடு என்னங்க ஆச்சு?"

"அதுவா... கேஸ் பங்க் மேனேஜரு மச்சினி கல்யாணத்துக்குப் போய்க்கிறாரும்மா. அசிஸ்டென்டு இருக்காரு. ஆனா அவருக்கு யாரோ போன் பண்ணி, விழுப்புரத்துல ஒரு மேடம் கேஸ் போட்டுக்கினு வர்றாங்கன்னு..." முருகையன் நான்காவது கீற்றை நீட்டினார்.

அங்கேயே நடுரோட்டில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. சாறு முழங்கை வரைக்கும் வழிந்த நிலையில் அழுதால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் போய்விட்டது. காகிதம் வெறுமையாக இருந்தது.

திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர். "அர மணி நேரம் ஆவும், டீ குடிக்கிறவங்க குடிச்சிட்டு வாங்க" என்றார் கண்டக்டர், வேறு கண்டக்டர். சாலையோரக் கடையில் டீ சொன்னேன். ஒரு அம்மா வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நான் நிலக்கடலை என்று கேட்டேன். "அது இல்லம்மா, மல்லாட்டைதான் இருக்குது" என்றார் வருத்தத்தோடு. வாங்கி உரித்தால் எங்கள் ஊர் நிலக்கடலையேதான். ஒரு பொருளுக்கு இரண்டு பேர், இரண்டு பொருளுக்கு ஒரே பேர். இந்தப் பக்கத்தில் நான் எதைச் சொல்லிப் பிழைப்பேன்?

கடைக்குப் பால் ஊற்ற மொபெட்டில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கேனை இறக்கிவிட்டு டீக்கடைக்காரரோடு ஏதோ கிசுகிசுத்தாள். பிறகு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் கேஸ் புடிக்கிற மேடமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க ஊட்ல ஒரு கேஸு இருக்குதுங்க. மூணு மாசமா பேஜாரு. வந்து புடிச்சிக் குடுப்பீங்களா?"

இந்த மாவட்டத்திலேயே எனக்குப் பயந்து ஓடாத முதல் மனுஷி! அவளுக்குப் பெயர் கஸ்தூரி. மயிலத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமம், வீட்டில் நான்கு மாடு, சாண கேஸில்தான் சமையல். சாண கேஸ் என்றதும் எனக்கு உயிர் வந்தது. சாண கேஸில் பாதிக்கு மேல் மீத்தேன்தான். "காலையில கறந்து ஊத்திட்டு நானே உங்கள இட்டுக்கினு போறேன்" என்றாள். எந்தக் கேஸ் என்று நான் விவரமாகக் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்ற பயம்.

மூன்றாம் நாள் காலை, கூட்டேரிப்பட்டில் அவளுடைய மொபெட்டில் ஏறினேன். முன்னால் காலி பால்கேன், பின்னால் நான், என் மடியில் நான்கு வருஷ உழைப்பு. ஒவ்வொரு வேகத்தடையிலும் கேன் கணகணவென்றது, நான் முருகா முருகா என்றேன். "மயிலத்து முருகரு கேக்குற தூரந்தான், மெதுவாவே சொல்லுங்க" என்றாள் கஸ்தூரி.

வழியில்தான் முழு விவரமும் சொன்னாள். தை மாசத்திலிருந்து அடுப்பு சரியாக எரியவில்லை. களி கிண்டினால் பாதியில் அணைந்துவிடும். அவள் புருஷன் ஏழுமலைக்கு ஒரே முடிவு: கேஸ் உண்டாகும் கலனில் கரைக்க வேண்டிய சாணியைக் கஸ்தூரி இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கடத்துகிறாள்.

நான் சிரித்துவிட்டேன். "சாணியையா?"

அவள் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "உங்களுக்குச் சிரிப்பா இருக்குது மேடம். மூணு மாசமா என்னைத் திருடின்னு சொல்லிக்கினு இருக்காரு. பொறந்த ஊட்டுக்குச் சாணி கடத்துறவன்னு தெருவே கேலி பண்ணுது. எங்கம்மா வாசலுக்குச் சாணி தெளிக்கிறதையே உட்டுட்டாங்க. நான் ஒரு கைப்பிடிகூடக் கொண்டு போவல. இத எப்டி நான் ரூபிக்கிறது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றேன். அவள் தேடிக்கொண்டு வந்தது இரண்டு கேஸும்தான் என்று அப்போது புரிந்தது.

வீட்டு வாசலில் பனியனோடு நின்ற ஏழுமலை என்னையும் பெட்டியையும் பார்த்தார். "இன்னாடி, ஆபீசரையே இட்டாந்துட்டியா?" என்றவர், அடுத்த நொடியே உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியோடு வந்தார்.

"நான் ஆபீசர் இல்லீங். இது அடுப்புக் கேஸுங்க" என்றேன்.

"அடுப்புக்கே கேஸா?" என்றார் பாவம்.

"கேஸ் எங்கயோ கசியுதான்னு பாக்கற மெஷினுங்க!"

"கசிஞ்சா நாத்தம் வருமில்ல? ஒரு நாத்தமும் இல்லியே."

நாங்கள் நின்றுகொண்டிருந்தது நான்கு மாடு கட்டிய கொட்டகைக்கு ஒரு கோல் தூரத்தில். அங்கே எந்த நாற்றம் எதனுடையது என்று பிரம்மாவுக்கே தெரியாது. நான் மெஷினை முடுக்கினேன்.

கலன் மூடியில் குறி வைத்தேன். சத்தமில்லை. வால்வில் வைத்தேன். சத்தமில்லை. அடுப்பாங்கரை, அடுப்புக் குழாய், சுவர் ஓரம். ஒன்றுமில்லை. ஏழுமலை பெண்டாட்டியைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். கஸ்தூரியின் கண் கலங்கியது. என் மூலையில் பம்புகள் வரிசையாக வந்து உட்காருவது எனக்குத் தெரிந்தது.

திடீரென்று கீய்ங் என்றது. துள்ளினேன். பார்த்தால் எனக்கு முன்னால் சிவலைப் பசு அசை போட்டுக்கொண்டு நின்றது. மறுபடியும் ஏப்பம் விட்டது, மறுபடியும் கீய்ங்.

"மாட்டு மேலயும் கேஸா?" என்று பதறினார் ஏழுமலை.

"அதுக்கு வயித்துல எப்பவும் கேஸ் உண்டுங்க. அது குத்தமில்லை."

மிச்சமிருந்தது ஒன்றுதான். கலனிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று மூங்கில் கம்பங்களின் மேலே, ஆள் உயரத்துக்கும் மேலாக, கொட்டகையைத் தாண்டி அடுப்பாங்கரைக்குப் போனது. அதைக் குறி வைத்தால் பின்னால் வெறும் வானம். ஒளி பட்டுத் திரும்ப ஒன்றுமில்லை. போன தட்டு போனதுதான். பின்னால் அகலமாக ஏதாவது பிடிக்க வேண்டும்.

"போர்வை இருக்குதுங்களா? பெரிசா, வெள்ளையா?"

கஸ்தூரி சுற்றுமுற்றும் பார்த்தாள். வைக்கோல் போரின் மேல் மழைக்கு மூடியிருந்த ஃபிளக்ஸ் பேனரை ஒரே இழுப்பாக இழுத்தாள். விரித்தோம். ஏழுமலையின் தம்பி கல்யாணத்துக்கு வைத்த பேனர். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். சுற்றிலும் சொந்தக்காரர்கள். வலது பக்கம், எல்லாரையும்விடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கைகூப்பிய ஏழுமலை.

புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் கம்பில் கட்டிக் குழாய்க்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பச்சைப் புள்ளியைக் குழாய் நெடுகிலும் மெதுவாக நகர்த்தினேன். பெரியப்பாக்கள் மேல் போனது, சத்தமில்லை. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி, சத்தமில்லை. அவர்கள் பேனரைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நகர்ந்தார்கள். மாப்பிள்ளையின் மாலை, சத்தமில்லை. ஏழுமலையின் கைக் கடிகாரம். மீசை. மூக்கு.

கீய்ங் கீய்ங் கீய்ங் கீய்ங்!

"எங்க? எங்க புடிச்சிச்சி?" என்று பேனருக்குப் பின்னாலிருந்து கத்தினாள் கஸ்தூரி.

"உங்க ஊட்டுக்காரர் மூக்குல!" என்று நானும் கத்தினேன்.

ஸ்டூல் போட்டு ஏறிச் சோப்பு நுரையைக் குழாயில் தடவினேன். பொங்கல் பானை போலக் குமிழி குமிழியாகப் பொங்கி வந்தது. நுரையைத் துடைத்துப் பார்த்தால், குழாயை இறுக்கிச் சுற்றி ஒரு செம்புக் கம்பி. கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அதன் நுனியில் இன்னும் இரண்டு குட்டி சீரியல் பல்பு தொங்கியது. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

கஸ்தூரி கம்பைப் பிடித்தபடியே அந்தப் பல்புகளை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த சீரியல் செட்டு யாருங்க கட்டினது?" என்று கேட்டாள் கஸ்தூரி, ரொம்ப மரியாதையாக.

"டெக்கரேசன்காரன்..." என்றார் ஏழுமலை.

"டெக்கரேசன்காரன் ரெண்டு நாளா வரலன்னு, நானே கட்டிக்கிறேன்னு ஏணி போட்டு ஏறினது யாருங்க?"

ஏழுமலை பேனரில் இருந்த தன்னையே பார்த்தார். பேனரில் இருந்தவர் கைகூப்பியபடி இருந்தார்.

"தையில கல்யாணம். தையிலருந்து கேஸ் இல்ல. மூணு மாசமா நீ கட்டின கம்பில கேஸ் போய்க்கினு இருக்குது, நீ என்னைத் திருடின்ற!" மரியாதை 'ங்க' எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை. சொல்லி முடித்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, வாய்விட்டு அழுதாள். 

ஏழுமலை பேனரைச் சுருட்டி வைத்தார். வால்வை மூடினார். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிவிடலாமா என்று மெதுவாக என்னைக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் வண்டியை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்குப் போய், புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கி வந்தார். மாட்டிய பிறகு மறுபடியும் பேனரைப் பிடித்தார்கள். மறுபடியும் மூக்கில் குறி வைத்தேன். மெஷின் வாய் திறக்கவில்லை. மத்தியானம் கஸ்தூரி கேப்பைக் களி கிண்டினாள். அடுப்பு கடைசி வரைக்கும் நீலமாக நின்று எரிந்தது. முதல் உருண்டையைச் சொம்புத் தண்ணீர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏழுமலையே மாமியார் வீட்டுக்குக் கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் காது சிவந்திருந்தது. அங்கே என்ன கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் வேலை பாக்கி. பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்தேன். 

"ஒரு கையெழுத்து வேணுமுங்க..."

"கையெழுத்தா?" என்று ஏழுமலை ஓரடி பின்னால் போனார். "நாந்தான் ஒத்துக்கினேனே மேடம். இதுக்கு மேல கேஸ் எதுக்கு?"

"பேனாவக் குடுங்க" என்றாள் கஸ்தூரி.

திண்ணை ஓரத்தில் காகிதத்தை வைத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "எங்க வீட்டு கேஸ் மூணு மாசமாக யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இந்த மெஷின் ஒரே நாளில் கண்டுபிடித்தது. தப்பு என் மேல் இல்லை. இப்படிக்கு, ஏ. கஸ்தூரி." கீழே கோடு போட்டு, 'சாட்சி' என்று எழுதிப் பேனாவைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் போட்டார். முழுக் கையெழுத்து, இனிஷியலோடு.

என் நான்கு வருஷம் அந்தக் காகிதத்தில் பத்திரமாக இருந்தது. சந்தோஷத்தோடு கையை நீட்டினேன். கஸ்தூரி கொடுக்கவில்லை.

"உங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன் மேடம்."

"கண்ணு, எங்க முதலாளி ஒரிஜினல் கேப்பாருங்க..."

"இது என் தீர்ப்புங்க. எப்டித் தருவேன்?"

சாயந்திரம் கூட்டேரிப்பட்டு ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு நகல் எடுத்தாள். ஒரிஜினலை லேமினேஷனுக்குக் கொடுத்தாள். "பெருசா போடுங்கண்ணே, ஆணி அடிச்சி மாட்டறதுக்கு இடம் உட்டு" என்றாள். பஸ் ஏறும்போது என் பையில் ஒரு படி மல்லாட்டையைக் கொட்டினாள்.

கோயம்புத்தூரில் முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நகலை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை 'தப்பு என் மேல் இல்லை' என்ற வரியில் விரலை வைத்து நின்றார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, அடுத்த பத்து மெஷினுக்கு லென்சு ஆர்டர் போடச் சொன்னார். அப்புறம் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஜெராக்ஸாட்ட இருக்குது. ஒரிஜினல் எங்கீங் அம்மிணி?"

"கேஸ்ல ஜெயிச்சவங்ககிட்ட இருக்குதுங்" என்றேன்.